இங்கிலாந்து பிட்டர் பீர்: ருசிக்கவும் ருசித்ததை எழுதவும் ஒரு முழு வழிகாட்டி

இங்கிலாந்தில் ஒரு பழைய பப்புக்குள் போய் முதன்முறை பிட்டர் வாங்கிக் குடித்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். குளிர்ச்சி இல்லை, பொங்கும் நுரை இல்லை, பேரில் இருக்கிற கசப்பும் அவ்வளவாக இல்லை. நானும் அப்படித்தான் சொன்னேன். பனிபோல் குளிர்ந்து நுரை பொங்கும் லாகர் வகை பீருக்குப் பழகிய நாக்கோடு போனேன். லாகரில் தேடுவதையே இதிலும் தேடினேன், கிடைக்கவில்லை. பிட்டரில் எதைத் தேட வேண்டும் என்று பிடிபட எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பேரைப் பற்றி. 19ஆம் நூற்றாண்டில் பப்புகளில் 'மைல்ட்' என்ற பீர் பரவலாக ஓடியது. அதோடு பேல் ஏல் என்ற வெளிர்நிற பீரும் விற்றது. பீர் காய்ச்சும் ப்ரூவரிக்காரர்கள் அதைப் பேல் ஏல் என்றே எழுதினார்கள். குடிக்க வந்தவர்கள், மைல்டிலிருந்து பிரித்துச் சொல்ல, 'பிட்டர்' என்று கேட்டு வாங்கினார்கள். ஆகவே அந்தக் கசப்பு மைல்டோடு ஒப்பிட்டுச் சொன்ன கசப்பு. கசப்பு தூக்கலான இன்றைய அமெரிக்க பாணி ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) பீருக்குப் பக்கத்தில் வைத்தால் பிட்டர் மிகச் சாதுவாகத் தெரியும். அதனால் கசப்பின் அளவை வைத்து இதை எடை போடாதீர்கள். மால்ட் என்ற முளைகட்டி உலர்த்திய பார்லியின் இனிப்பு, ஹாப்ஸ் என்ற கொடிப்பூவின் கசப்பு, நொதிக்க வைக்கும் ஈஸ்ட் தரும் பழவாசம் மூன்றும் ஒன்றையொன்று அமுக்காமல் நிற்கின்றனவா என்பதே பிட்டரில் பார்க்க வேண்டியது.

பீர் போட்டி நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்று தரும் பி.ஜே.சி.பி. அமைப்பு பிட்டரை மூன்றாகப் பிரிக்கிறது. ஆர்டினரி பிட்டரில் ஆல்கஹால் 3.2 முதல் 3.8 சதவீதம், பெஸ்ட் பிட்டரில் 3.8 முதல் 4.6, ஸ்ட்ராங் பிட்டரில் 4.6 முதல் 6.2. இவ்வளவு குறைந்த ஆல்கஹாலில் இவ்வளவு சுவை வருவதுதான் இந்த பீரின் பெருமை. முதல் உலகப் போர்க் காலத்தில் தானியத் தட்டுப்பாடும் வரியும் சேர்ந்து இங்கிலாந்து பீர்களின் பலத்தை வெகுவாகக் குறைத்தன. போர் முடிந்த பிறகும் அவை பழைய பலத்துக்குத் திரும்பவில்லை. குறைந்த பலத்தில் நிறைந்த சுவை தரும் கைப்பக்குவம் அங்கே தேர்ந்து வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பீப்பாய்க்குள் நடப்பது

பிட்டரை அதன் உண்மையான நிலையில் குடிக்க வேண்டுமானால் காஸ்க் பீராகத்தான் குடிக்க வேண்டும். இதை வடிகட்டி, சூடாக்கிக் கிருமி நீக்கி அனுப்புவதில்லை. உயிருள்ள ஈஸ்ட்டோடு பீப்பாயில் அடைத்து அனுப்புகிறார்கள். பப்பின் நிலவறைக்கு வந்த பிறகும் உள்ளே நொதித்தல் மெல்ல நடந்துகொண்டே இருக்கும். இதற்கு 'ரியல் ஏல்' என்ற பேரைப் பரப்பியது 1971இல் தொடங்கிய காம்ரா என்ற குடிப்போர் இயக்கம். பெரிய ப்ரூவரிகள் வாயு ஏற்றிய கெக் பீருக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. அந்த இயக்கம் இல்லாமல் போயிருந்தால் இந்த பீர் இன்று எவ்வளவு மிஞ்சியிருக்குமோ.

பப்புகளில் அதிகம் புழங்கும் பீப்பாய்க்கு ஃபிர்கின் என்று பேர். 9 கேலன், அதாவது 72 பைண்ட் பிடிக்கும். அதை நிலவறையில் படுக்க வைத்து, மேலே உள்ள துளையில் ஒரு சிறு மரக்குச்சியைச் செருகி, மிகுதி வாயுவை வெளியே விடுவார்கள். ஈஸ்ட் அடியில் படிந்து பீர் தெளிந்ததும் குழாய் போட்டு விற்பார்கள். மேலே நின்று கைப்பம்பை இழுப்பவர் பீரை உறிஞ்சி எடுக்கிறார், அவ்வளவுதான். வாயு எதுவும் அதைத் தள்ளுவதில்லை. பீர் வெளியே போகப் போக அந்த இடத்தைக் காற்று நிரப்புகிறது. அந்தக் காற்று முதல் நாளில் சுவையைக் கொஞ்சம் மென்மையாக்கும், நாலாம் நாளில் கெடுத்துவிடும். அதனால்தான் திறந்த பீப்பாயை மூன்று நாளுக்குள் காலி செய்ய வேண்டும் என்கிறார்கள்.

நிலவறையின் குளிர் 11 முதல் 13 டிகிரி செல்சியஸ். பீரும் அந்தக் குளிரில்தான் வரும். குளிர்சாதனப் பெட்டியின் குளிரில் கொடுத்தால் மால்ட்டின் மணமும் பழவாசமும் அடங்கிப்போய் வெறும் கசப்பு மட்டும் நாக்கில் நிற்கும்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். பீரைத் தெளிய வைக்கப் பல ப்ரூவரிகள் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசின்கிளாஸ் என்ற பொருளைச் சேர்க்கின்றன. அது ஈஸ்ட்டோடு அடியில் படிந்துவிடும், ஆனாலும் சேர்த்தது சேர்த்ததுதான். அது சேராத பீர்களும் உண்டு. வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே, எதை வாங்குவது

கூட்டம் உள்ள பப்பாகப் பாருங்கள். பீப்பாய் சீக்கிரம் காலியாகும் இடத்தில்தான் பீர் புதிதாக இருக்கும். பத்துப் பம்புகள் வரிசையாக நிற்கும் வெறிச்சோடிய கடையைவிட, இரண்டே பம்புகள் வைத்து நாள் முழுக்க ஊற்றும் கடை எவ்வளவோ மேல்.

தொடங்குவதற்கு நான் மூன்று பீர்களைச் சொல்வேன். லண்டன் சிஸ்விக்கில் உள்ள ஃபுல்லர்ஸ் ப்ரூவரியின் லண்டன் பிரைட், 4.1 சதவீதம். தெற்கே சசெக்ஸில் லூயிஸ் ஊரின் ஆற்றங்கரையில் காய்ச்சும் ஹார்வீஸ் சசெக்ஸ் பெஸ்ட், 4 சதவீதம். யார்க்‌ஷயரில் கீத்லி என்ற வடக்கத்தி ஊர்க்காரர்களான டிமதி டெய்லரின் லேண்ட்லார்ட், 4.3 சதவீதம். மூன்றும் பெஸ்ட் பிட்டர் என்ற ஒரே வகைக்குள் அடங்கும், பலமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒன்றைக் குடித்துவிட்டு அடுத்ததைக் குடித்தால் மூன்றும் மூன்று ஊர்க்காரர்கள் பேசுவது போல இருக்கும். அந்த வித்தியாசத்தை உங்கள் சொற்களில் எழுத முடிந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

அரை பைண்ட் வாங்கினால் போதும், அது 284 மில்லி. ஒரு மாலையில் மூன்று அரை பைண்டுக்கு மேல் போனால் நாக்கும் சொல்லும் இரண்டும் மழுங்கிவிடும். வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். பலம் குறைந்ததில் தொடங்கிக் கூடியதற்குப் போங்கள். காரமான சாப்பாட்டை ஒரு மணி நேரம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். மிளகாய் எரிகிற வாயில் மால்ட் காணாமல் போய்விடும்.

பம்பின் மூக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வட இங்கிலாந்தில் அதன் நுனியில் 'ஸ்பார்க்லர்' என்ற சின்னச் சல்லடை மூடி இருக்கும். பீர் அதன் வழியாகப் பீய்ச்சி வரும்போது பாலாடை போன்ற நுரை எழும். வாயில் மிருதுவாக இருக்கும், கசப்பு சற்றுத் தணிந்து தெரியும். தெற்கே பெரும்பாலும் அந்த மூடி கிடையாது, நுரையும் மெல்லியதாகத்தான் நிற்கும். எது சரி என்று வடக்கும் தெற்கும் இன்னும் வாதாடுகின்றன. யார்க்‌ஷயர் பீருக்கு ஸ்பார்க்லர், சசெக்ஸ் பீருக்கு வேண்டாம் என்பது என் கட்சி. எதுவானாலும் குறிப்பில் எழுதிவிடுங்கள். அதே பீரை வேறு ஊரில் குடிக்கும்போது சுவை ஏன் மாறியது என்ற குழப்பம் வராது.

படி 1: கண்

இதற்கு அதிக நேரம் வேண்டாம். போட்டி நடுவர்களின் 50 மதிப்பெண்ணில் தோற்றத்துக்கு 3தான். கண்ணாடிக் குவளையை வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் பாருங்கள். தேன் நிறத்திலிருந்து புதுச் செப்புக் குடத்தின் நிறம் வரை இருக்கலாம். தெளிந்திருக்க வேண்டும். கலங்கல் இருந்தால் ஊற்றியவரிடம் கேளுங்கள், சில ப்ரூவரிகள் தெரிந்தே தெளிய வைக்காமல் அனுப்புகின்றன. குமிழிகள் சோம்பலாக ஏறும். வாயு போய்ச் சப்பென்றாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். லாகரில் இருக்கும் வாயுவில் பாதியளவுதான் இதில் உண்டு.

படி 2: மூக்கு

குவளையின் வாயை உள்ளங்கையால் மூடி லேசாகச் சுழற்றுங்கள். கையை எடுத்ததும் மூன்று குட்டி மூச்சாக முகருங்கள். நீண்ட ஒரே மூச்சில் மூக்கு சீக்கிரம் களைத்துவிடும். முதலில் தோன்றியதை உடனே எழுதுங்கள். அது சரியா என்று யோசிக்க ஆரம்பித்தால் மணம் போய்விடும்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேடுங்கள். மால்ட் முதலில். மாரிஸ் ஆட்டர் என்ற பார்லி, 1960களில் கேம்பிரிட்ஜில் உருவாக்கியது, பிட்டருக்குப் பலரும் விரும்பும் மால்ட். அதன் மணத்துக்கு மாரி பிஸ்கட் நல்ல உவமை. வெறும் வாணலியில் வறுத்த கோதுமை ரவை அதைவிட நெருக்கம். இதோடு கொஞ்சம் கிரிஸ்டல் மால்ட் சேர்ப்பது வழக்கம். முளைவிட்ட பார்லியை ஈரத்தோடு சூடாக்கி, உமிக்குள்ளேயே அதன் மாவு சர்க்கரையாக மாறிய பிறகு வறுத்தெடுப்பார்கள். டாஃபி மணமும் செம்பு நிறமும் அதிலிருந்து வருபவை.

அடுத்து ஹாப்ஸ். இங்கிலாந்து ஹாப்ஸ் குரல் உயர்த்திப் பேசாது. அமெரிக்க ஹாப்ஸைப் போல மாம்பழம், பம்ப்ளிமாஸ் என்று மூக்கில் அடிக்காது. ஃபக்கிள் என்ற வகையில் ஈரமண்ணும் மரப்பட்டையும் தேயிலைத் தூளும் புதினாவின் நிழலும் இருக்கும். கென்ட் மாவட்டத்தின் ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸில் பூவாசம், தேன், ஆரஞ்சுத் தோல், ஒரு துளி மிளகு. லேண்ட்லார்டில் சேரும் ஸ்டிரியன் கோல்டிங்ஸ் பேரில் கோல்டிங்ஸ் என்றாலும் பிறப்பால் ஃபக்கிள். ஸ்லொவேனியாவில் வளர்ந்து வேறு குணம் பெற்றது. லேண்ட்லார்டை மூக்கருகில் கொண்டு வந்ததும் எழும் பூவாசத்துக்கு அதுதான் பெரிதும் காரணம்.

மூன்றாவது ஈஸ்ட். புதிதாக ருசிப்பவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள், ஆனால் ஒரு ப்ரூவரியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அதன் ஈஸ்ட்தான். ஃபுல்லர்ஸின் பீர்களில் எல்லாம் ஓடும் ஆரஞ்சு மார்மலேட் மணம் அவர்களுடைய ஈஸ்ட்டின் கையெழுத்து. ஹார்வீஸின் ஈஸ்ட் 1957இல் யார்க்‌ஷயரின் டாட்கேஸ்டர் ஊரிலிருந்து வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் முந்தையதிலிருந்து எடுத்துப் போட்டே வளர்த்து வருகிறார்கள். நம் வீட்டில் தயிருக்கு உறை மோர் எடுத்து வைப்பது போல.

பர்ட்டன் ஆன் ட்ரென்ட் ஊரின் பீர் கிடைத்தால், உரசிய தீக்குச்சி போன்ற மெல்லிய கந்தக வாடை முதலில் வரும். ஒரு நிமிடத்தில் கலைந்துவிடும். அது குறை இல்லை. ஜிப்சம் நிறைந்த அந்த ஊர்த் தண்ணீரோடு சேர்ந்த குணம். அதே தண்ணீர்தான் கசப்பைக் கூர்மையாக்கி, பர்ட்டன் பேல் ஏலுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. 19ஆம் நூற்றாண்டில் அந்த ஏல் இந்தியாவில் இருந்த ஆங்கிலேயருக்காகப் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேறி வந்தது.

மணங்களுக்குப் பேர் சொல்ல முடியவில்லை என்றால் மூக்கைக் குறை சொல்லாதீர்கள். பழக்கம் போதவில்லை, அவ்வளவுதான். பப்புக்குப் போவதற்கு முன் வீட்டில் ஐந்து கிண்ணம் வையுங்கள்: ஆரஞ்சுத் தோல், வறுத்த ரொட்டி, டாஃபி, தேயிலைத் தூள், தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் முகர்ந்து பேர் சொல்லுங்கள். ஒரு வாரம் செய்தால் போதும், குவளைக்குள் அவை தாமாக அடையாளம் காட்டும்.

படி 3: வாய்

முதல் வாய் நாக்கைத் தயார் செய்வதற்கு, அதை வைத்து எதுவும் எழுத வேண்டாம். இரண்டாவது வாயை நாக்கு முழுக்கப் படரவிட்டு, விழுங்கி, வாயை மூடியபடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். தொண்டையிலிருந்து மூக்குக்கு ஏறும் அந்த மணத்தில்தான் சுவையின் பெரும்பகுதி இருக்கிறது. ஒயின்போல இதைத் துப்ப முடியாது, பிட்டரின் கசப்பு விழுங்கிய பிறகுதான் முழுதாக எழும். கசப்பு நாக்கின் பின்பக்கத்தில் மட்டும் தெரியும் என்ற பழைய படத்தை மறந்துவிடுங்கள். நாக்கு முழுவதுமே எல்லாச் சுவையையும் அறியும்.

தமிழில் எழுதுகிறவருக்கு ஒரு பெரிய வசதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. கசப்பு, துவர்ப்பு என்று இரண்டு தனிச் சொற்கள் நம்மிடம் உண்டு. சமையற்கட்டில் தினமும் புழங்கும் சொற்கள். ஆங்கிலக் குறிப்புகளில் இவை இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஹாப்ஸ் தருவது கசப்பு. வாய் இழுத்துப் பிடித்து, நாக்கு வறண்டு, பல்லில் ஏதோ ஒட்டியது போல இருந்தால் அது துவர்ப்பு. வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தது போல, அதிகம் கொதித்த டீயைப் போல. ஒரு துளி துவர்ப்பு பிட்டருக்கு அழகு, அடுத்த வாய்க்கு ஏங்க வைக்கும். கூடிவிட்டால் பெரும்பாலும் பார்லியின் உமியிலிருந்து, துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் அதிகம் இறங்கியிருக்கிறது என்று பொருள்.

கசப்பு என்று எழுதியதும் நிறுத்திவிடாதீர்கள். எப்போது வந்தது, எவ்வளவு ஏறியது, என்ன ஜாதிக் கசப்பு, எப்போது போனது? வேப்பம்பூ ரசத்தின் கசப்பு சுத்தமாக வந்து சீக்கிரம் போகும். வெந்தயக் கசப்புக்குப் பின்னால் வறுத்த இனிப்பு நிற்கும். நார்த்தங்காய்த் தோலின் கசப்பு எண்ணெய்ப் பசையோடு மணக்கும். பாகற்காயின் கசப்பில் பச்சை வாடை உண்டு. நல்ல பிட்டரில் முதல் மூன்றும் கிடைக்கும். என் நாக்குக்கு ஹார்வீஸ் வெந்தயப் பக்கம், லண்டன் பிரைட் நார்த்தங்காய்ப் பக்கம்.

விழுங்கிய பிறகு மனதுக்குள் இருபது எண்ணுங்கள். இனிப்பு முதலில் விலகி, கசப்பு சற்று நேரம் நின்று, கடைசியில் பிஸ்கட் சுவை மெலிதாகத் திரும்பி வந்தால் அது நல்ல பீர்.

படி 4: காத்திருங்கள்

பாதிக் குவளையைப் பதினைந்து நிமிடம் அப்படியே வைத்துவிட்டு மறுபடி முகர்ந்து குடியுங்கள். சூடு ஏறும்போது டாஃபி மேலே வரும், பழவாசம் விரியும். குறை ஏதும் இருந்தால் அதுவும் இப்போது ஒளிந்துகொள்ள முடியாது. அவசரத்தில் பலரும் தாண்டிவிடும் படி இது. எனக்கு அதிகம் கற்றுக் கொடுத்ததும் இதுதான்.

குறை யாருடையது?

ஒருமுறை ஒரு பப்பில் நான் குடித்த பிட்டர் புளித்தது. மூக்கிலும் வினிகர் நெடி. அந்த ப்ரூவரியின் பீரே புளிப்பானது என்று எழுதி வைத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து வேறு ஊரில் அதே பீரைக் குடித்தபோது தேனும் பூவுமாக இருந்தது. முதல் கடையில் பீப்பாய் திறந்து பல நாளாகியிருக்க வேண்டும். உள்ளே போன காற்றில் பாக்டீரியா வேலை செய்து ஆல்கஹாலை வினிகராக்கிவிட்டது. அன்றிலிருந்து குறிப்பில் இரண்டு வரிகளைத் தனியாக வைக்கிறேன்: காய்ச்சியது எப்படி, காத்தது எப்படி. காம்ரா உறுப்பினர்கள் 0 முதல் 5 வரை கொடுக்கும் மதிப்பெண் இந்த இரண்டாவது கேள்விக்குத்தான். பப் அந்த பீரை எவ்வளவு நன்றாக வைத்திருந்தது என்பதை அது சொல்லும்.

வினிகரும் வாயு போன சப்பென்ற சுவையும் காத்ததில் வந்த குறைகள். பச்சை ஆப்பிள் மணம் வந்தால் பெரும்பாலும் நொதித்தல் முழுமையாகவில்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாடை ஆக்சிஜன் பட்டுப் பழசானதன் அடையாளம். வெண்ணெய் மணத்துக்குக் காரணம் டயசெட்டைல் என்ற பொருள். பிட்டரில் அது மிக லேசாக இருந்தால் மன்னிக்கலாம், டாஃபியோடு கலந்து இதமாகக்கூட இருக்கும். பாப்கார்ன் அளவுக்குப் போனால் குறைதான்.

கெட்ட பீரை முழுதும் குடித்துத் தீர்க்க வேண்டியதில்லை. இரண்டு வாய்க்கு மேல் குடிக்காமல் பாருக்கு எடுத்துப் போய் அமைதியாகச் சொல்லுங்கள். நல்ல பப்பில் அவர்களே முகர்ந்து பார்த்துவிட்டு மாற்றித் தருவார்கள்.

புட்டிதான் கிடைக்கிறது என்றால்

இங்கிலாந்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு அதுதான் வழி. லண்டன் பிரைட் புட்டியில் 4.7 சதவீதம், காஸ்க்கைவிட வாயுவும் அதிகம், ஆகவே இரண்டையும் ஒரே பீராக எண்ணி எழுத வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்து, உயரத்திலிருந்து ஊற்றிக் கொஞ்சம் வாயுவைப் போகவிடுங்கள். பழுப்புக் கண்ணாடிப் புட்டியாகப் பாருங்கள். நிறமற்ற புட்டியில் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து ஒரு துர்நாற்றம் பிறக்கும். கடையின் விளக்கு வெளிச்சம்கூட அதற்குப் போதும்.

குறிப்பு எழுதும் முறை

"நன்றாக இருந்தது, மிதமான கசப்பு, குடிக்க இதம்." இப்படி எழுதினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே எந்த பீர் என்று தெரியாது. என் நோட்டிலிருந்து ஒன்றைத் தருகிறேன்:

"சசெக்ஸ் பெஸ்ட், காஸ்க், ஸ்பார்க்லர் இல்லை, சனி மதியம். செம்பு நிறம், தெளிவு. முகர்ந்ததும் ரொட்டி ஓரம், பின்னால் ஈரமண், கொஞ்சம் பழுத்த கொய்யா. வாயில் டாஃபி அரை நொடி, உடனே வெந்தயக் கசப்பு. துவர்ப்பு ஒரு துளி, அடுத்த வாயைக் கேட்கிறது. சூடு ஏறியதும் கொய்யா பெரிதாகிறது. காத்தது: 4."

இதில் கொய்யாவை எந்த ஆங்கிலக் குறிப்பிலும் நான் படித்ததில்லை. என் மூக்கில் அது வந்தது, எழுதினேன். உங்களுக்கு வேறு ஏதாவது வரலாம். ஆங்கிலப் பட்டியலில் இல்லை என்பதற்காக அதை அடிக்காதீர்கள். நீங்கள் அறியாத பழத்தின் பேரைக் கடன் வாங்கியும் எழுதாதீர்கள். பிளாக்பெர்ரியைத் தின்றிராதவர் பிளாக்பெர்ரி என்று எழுதினால் அந்த வரியால் யாருக்கும் பயனில்லை.

பீர் முடிந்ததும் குவளையை உடனே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். உள்சுவரில் நுரை விட்ட வளையங்களைப் பாருங்கள், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கோடு இருக்கும். அப்புறம் காலிக் குவளையை ஒருமுறை முகருங்கள். வாயுவும் ஆல்கஹாலும் போன பிறகு கண்ணாடியில் மால்ட் மட்டும் தனியாக, வறுத்த ரவை போல, தங்கியிருக்கும். அதையும் ஒரு வரியில் எழுதிவிட்டு, குவளையைப் பாரில் வைத்துவிட்டு வாருங்கள்.